தூவாவுக்கு இப்பச் சொல்ல வேண்டாம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு வெளியவே கெடக்கட்டும், ஆரும் எடுக்க மாட்டாங்க. நீங்கதானுங்களே அந்த வால்வு கம்பெனியில இருந்து ஸ்வீடனுக்குப் போற இன்ஜினியரு? உங்க கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா நிக்கற பழனியப்பன் என்ற சேக்காளிதான். "அண்ணா, எங்க ஆளு ஒருத்தரு ரெண்டு வருசத்துக்குக் கோதன்பர்க் போறாருங்"னு வாய் தவறிச் சொல்லிட்டான். நான் விடுவனா, அவனை உலுக்கி உங்க நம்பரை வாங்கிட்டேன். முன்னப் பின்னத் தெரியாத ஆளு போன் பண்ணி ஊட்டுக்கு வாங்கன்னா இந்தக் காலத்துல ஆரு வர்றாங்க? நீங்க வந்திருக்கறீங்க. அதுவே பெரிசுங்க.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இப்பிடி வாங்க. காப்பி நான் போட்டதுதான், நல்லா இல்லீன்னா நல்லா இல்லீன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

ஒரு பொட்டலம் கொண்டு போகணும், அவ்வளவுதான். பருப்புப் பொடி. கஸ்டம்ஸுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தூவான்னு ஒரு புள்ள, உங்க கம்பெனிதான், இப்ப அந்த ஊர் ஆபீஸுல இருக்கறா. நீங்க இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி நம்ம நீலாம்பூர் பேக்டரியில இருந்தா. குடியிருந்தது எங்க மேல் ஊட்டுல. போறப்ப எங்க மேல கோவிச்சுட்டுப் போனா. இப்பக் கோவம் தீந்து, டிசம்பர் மாசம் வர்றேன்னு சொல்லியிருக்கறா. அவ வரணுமுங்க தம்பி. அது கெட்டுப் போகக் கூடாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்புட்டது. பொட்டலத்தோட ஒரு வார்த்தையும் சொல்லணும். அது என்ன வார்த்தைன்னு பொறவு சொல்றேன், மொதல்ல ஆருகிட்டச் சொல்றீங்கன்னு உங்களுக்குத் தெரியணுமில்ல?

கம்பெனிக்காரங்க மேல் ஊட்டைக் கேட்டப்ப, வெளிநாட்டு இன்ஜினியர் தங்கறதுக்குன்னுதான் சொன்னாங்க. நான் ஏதோ வயசான வெள்ளைக்காரன் வருவான், தண்ணி போடுவான், கண்டிசனாப் பேசி வெக்கணும்னு இருந்தேன். வந்து நின்னது பொட்டப்புள்ள. இருவத்தாறு வயசு. வாசல் நெலைக்கட்டையில தலை இடிக்கற ஒசரம். முதுகுல ஒரே ஒரு மூட்டை. வர்றதுக்கு முன்னாடியே தமிழ் பேசப் படிச்சிருந்துச்சு, "என் பேரு தூவா"ன்னு சொல்லிக் கையை நீட்டுச்சு. எங்கூட்டுக்காரி மரகதம் கையைக் குடுக்கறதா கும்படறதான்னு தெரியாம, அந்தப் புள்ளையோட கன்னத்தைத் தொட்டுட்டா.

எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல, இல்லீன்னா இல்ல.

மறா நாள் ஞாயித்துக்கெழமை. மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல மொட்டை மாடியில பாயைப் போட்டு மூஞ்சியை ஆகாசத்துக்குக் காட்டிட்டுப் படுத்திருக்கறா. பக்கத்தூட்டுப் பாப்பாத்தி ஓடியாந்து, "அக்கா, உங்கூட்டுப் புள்ள மயக்கம் போட்டுக் கெடக்குது"ங்கறா. மரகதம் குடையை எடுத்துட்டு மேல ஓடுனா. "ஆன்ட்டி, எங்க ஊருல குளிர்காலத்துல சூரியன் எட்டிப் பாத்துட்டுப் போயிரும். இங்க சும்மா கெடைக்குது"ன்னுச்சாம். அப்பறம் இவளும் குடையைப் புடிச்சுட்டு அங்கயே உக்காந்துட்டா. கெரகம், ஒருத்தி வெயிலுக்கு, ஒருத்தி நெழலுக்கு.

பொய்யே வராதுங்க அந்தப் புள்ளைக்கு. மரகதம் ஆசையா உப்புமா கிண்டிக் குடுத்து, எப்படிக் கண்ணுன்னு கேட்டா. "நல்லா இல்லை ஆன்ட்டி. சட்னி ரொம்ப நல்லாருக்கு"ன்னுச்சு. எனக்குச் சுர்ர்ன்னு வந்துச்சு. இவ என்னடான்னா வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறா. உடுமலையில இருக்கற தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சிரிக்கறா. "முப்பது வருசமா இந்த மனுசன் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு தின்னுட்டே இருக்கறாரு, இன்னைக்குத்தான்டி எனக்குத் தெரிஞ்சுது"ன்னு. அப்பிடியே என்ற மேல பழி.

கம்பெனி கார் குடுத்துச்சு, வேண்டாம்னுட்டா. சைக்கிள் வாங்குனா. அவினாசி ரோட்டுல லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல, தலையில ஹெல்மெட்டு போட்டுச் சைக்கிள்! ஊரே சிரிச்சுதுங்க. நான் சண்டை போட்டேன். "அங்கிள், நான் கையைக் காட்டித்தான் திரும்பறேன்"ங்கறா. கையைக் காட்டுனா நம்ம லாரிக்காரன் டாட்டா காட்டறான்னு நெனப்பான், அவளுக்கு எங்க தெரியுது? அவ பொழுதோட வந்து கேட்டைத் தொறக்கற சத்தம் கேக்கற வரைக்கும் மரகதம் வாசல்லயே நிப்பா. நான் உள்ள நிப்பேன்.

சனிக்கெழமை மூணு மணிக்குக் காப்பி. அது அவங்க ஊர் வழக்கமாமுங்க. சும்மா உக்காந்து காப்பி குடிக்கணும், கூட ஏதாச்சும் இனிப்பு இருக்கணும், வேலையைப் பத்திப் பேசக்கூடாது. பட்டைத்தூள் போட்டு ஒரு பன் சுடுவா. மரகதம் பணியாரம் ஊத்துவா. என்னையும் புடிச்சு உக்கார வெச்சிருவாங்க. நான் நாப்பது வருசம் லேத்துப் பட்டறை வெச்சிருந்தவன், காப்பியை நின்னுட்டே குடிச்சுப் பழக்கம். அந்தப் புள்ள "உக்காருங்க அங்கிள்"னா உக்காந்துருவேன். பட்டறைப் பசங்க பாத்திருந்தா நம்பியிருக்க மாட்டானுங்க.

ஞாயித்துக்கெழமையானா ஊர் சுத்தறது. சூலூர் கொளத்துக்குப் போயிக் கொக்கு பாக்கறதுக்குன்னே ஒரு பைனாகுலர் வெச்சிருந்தா. பொள்ளாச்சி சந்தைக்கு லீவு போட்டுட்டுப் போயி, காளை மாட்டை வெலை கேட்டு, வெரலைத் தொட்டு வெலை பேசறதுக்கு வியாபாரி துண்டைப் போட்டுக் கையைப் புடிக்க வந்ததும் முழிச்சா. மருதமலைக்கு நடந்தே ஏறி, கோயிலுக்குள்ள போகாம வந்துட்டா. ஏங்கண்ணுன்னா, "நான் படிக்குத்தான் வந்தேன்"ங்கறா. மொதல்ல தனியாத்தான் போயிட்டு இருந்தா. அப்பறம் மரகதத்தைக் கூப்புட்டா. இவ நல்லது கெட்டதுக்குத் தவிர ஊட்டை விட்டுப் படி தாண்டாதவ. எனக்கு நம்பிக்கையே இல்ல. அடுத்த வாரம் பாத்தா ரெண்டு பேரும் டவுன் பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்து பேரூர் போறாங்க.

ஊட்டி ரயிலுக்கு என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. ஊட்டி எங்க இருக்குதுங்க, இந்தா இருக்குது. கலியாணமாகி இத்தனை வருசத்துல நான் அவளைக் கூட்டிட்டுப் போனதில்ல. எங்க, பட்டறை இருந்துச்சு. மரகதம் ஜன்னல்ல கையை வெளிய நீட்டி மஞ்சுக்குள்ள வெச்சுட்டே வந்தா. "கையை உள்ள எடு"ன்னு நான் கத்தறேன். அவ காதுலயே வாங்கல. அந்தப் புள்ளையும் ஒரு கையை நீட்டிக்கிச்சு. சரி போங்கடின்னு விட்டுட்டேன்.

அவளுக்கு அம்மா இல்லீங்க. சின்னதுலயே தவறிட்டாங்களாம். அப்பன்தான் ரெண்டு கொழந்தைகளையும் வளத்துனது. ரயில் டிரைவரு. ஞாயித்துக்கெழமை பொழுதோட வீடியோவுல வருவாரு. நல்ல மனுசன். மூஞ்சியெல்லாம் செவந்து, வாயெல்லாம் சிரிப்பு. அவரு அவங்க பாசையில பேசுவாரு, மரகதம் தமிழ்ல பேசுவா. அவரு பனியைக் காட்டுவாரு, இவ முருங்கை மரத்தைக் காட்டுவா. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை புரியாது, அரை மணி நேரம் ஓடும். மாசி மாசம் மகளைப் பாக்க வர்றேன்னு டிக்கெட் கூடப் போட்டுட்டாரு. ஆள் ஆறரை அடி, நம்ம கட்டிலு பத்தாதுன்னு மரகதம் ஆசாரிகிட்டச் சொல்லி நீளமா ஒரு கட்டிலு செஞ்சு வாங்குனா. உள்ள கெடக்குதுங்க அது.

அவரு வரலீங்க.

தை மாசம். அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. ஆபீஸ் புள்ளைங்க ரெண்டு பேரோட வால்பாறை போயிருந்தா. வெடியாலயே கெளம்பிட்டா. போன எடத்துல ஆத்துல எறங்கிப் போட்டோ எடுக்கப் போயி, போனைத் தண்ணிக்குள்ள போட்டுட்டா. கூட வந்த புள்ள போன்ல இருந்து மரகதத்துக்குச் சொன்னா, "ஆன்ட்டி, என் போன் செத்துப் போச்சு, பொழுதுக்குள்ள வந்தர்றேன்"னு.

அதுக்கு அப்பறந்தான் என்ற போன் அடிச்சுது. அவ அண்ணன். யோனாஸ்னு பேரு, நமக்கும் புரியற இங்கிலீஷ்ல பேசுனான். அவசரத்துக்குன்னு என்ற நம்பரைக் குடுத்து வெச்சிருந்திருக்கறா. நான் தென்னை மட்டை வெட்டிட்டு இருந்தேன், அருவாளோட எடுத்துப் பேசறேன். வெடியால பனி அள்ளிட்டு இருந்தப்ப அப்பா விழுந்துட்டாரு, அப்பவே உயிர் போயிருச்சுங்கறான். "தங்கச்சி வந்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. சொல்றப்ப தயவு பண்ணிக் கூடவே இருங்க"ங்கறான். அழுகவே இல்லீங்க. நிதானமாப் பேசறான். எனக்கு அதுவே ஒரு மாதிரி ஆயிருச்சு.

மரகதம் அங்கயே, அந்தத் துவைக்கற கல்லு மேல உக்காந்துட்டா. நான் உக்காரல. ஆம்பளை ஒருத்தன் நின்னாத்தானே காரியம் நடக்கும்? "அந்தக் கூடப் போன புள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிரலாமுங்க"ன்னா இவ. உனக்கென்ன கிறுக்கான்னு கேட்டேன். நாப்பது கொண்டை ஊசி வளைவு, வேன்ல உக்காந்திருக்கறா, சொல்லி மயக்கம் போட்டு விழுந்தா ஆரு பாக்கறது? "அப்ப ஊட்டுக்கு வந்ததும் சொல்லீருங்க"ன்னா.

நீங்களே சொல்லுங்க தம்பி, நம்ம பக்கம் எழவுச் செய்தியை வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னா சொல்லுவாங்க? "கொஞ்சம் சீரியஸா இருக்குது, உடனே பொறப்பட்டு வா"ம்பாங்க. கேக்கறவனுக்குப் பஸ்ஸுல வர்றப்பவே பாதி தெரிஞ்சிரும். தெரு முக்குல பந்தலைப் பாத்ததும் மீதி தெரிஞ்சிரும். மனசு அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாத் தயாராயிரும். எங்கப்பா போனப்ப எனக்கு அப்பிடித்தான் சொன்னாங்க. நான் ஆரு மேலயும் கோவிச்சுக்கலையே? அதுதாங்க மனுசத்தன்மை. அவளும் புரிஞ்சுக்குவான்னுதான் நெனச்சேன். இன்ஜினியர் படிச்ச புள்ள.

அப்பறம் இன்னொண்ணு. நம்மூருல பொழுது எறங்கறதுக்குள்ள எடுக்கணும். மிஞ்சிப் போனா ஐஸ் பெட்டி வெச்சு ஒரு நாள். அப்பன் மொகத்தை மக பாக்க வேண்டாமா? நான் பறந்தேனுங்க. டிராவல்ஸ் வெச்சிருக்கற சிநேகிதனைப் புடிச்சு, கொச்சியில இருந்து அன்னைக்கே பிளேன் போட்டாச்சு.

இருட்டற நேரத்துக்கு வந்தா. கையில டீத்தூள் பாக்கெட்டு, மரகதத்துக்கு. சிரிச்சுட்டே வந்தா. நான் சொன்னேன், "கண்ணு, அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில இருக்கறாரு. சீரியஸு. உடனே கெளம்பு, டிக்கெட் போட்டாச்சு."

மொகம் வெளுத்துப் போச்சு. ஆனா அழுகல. கேள்விதான். எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் என்ன சொன்னாரு? பேசறாரா? அடுக்கடுக்காக் கேக்கறா. "பேசல கண்ணு. ஆனாக் கண்ணைத் தொறந்து பாக்கறாரு"ன்னேன். அந்தக் கண்ணு தொறக்கறது நானாச் சேத்துனதுங்க, ஒரு தெம்புக்கு. வெறுமனே அனுப்பறதுக்கு எனக்கு மனசு வரல.

அண்ணன்கிட்டப் பேசணும், போனைக் குடுங்கன்னா. நானே அடிக்கிறேன்னு வாங்கி, நம்பரை அழுத்தற மாதிரி அழுத்திக் காதுல வெச்சேன். "எடுக்கல கண்ணு, ஆஸ்பத்திரிக்குள்ள போனை ஆஃப் பண்ணி வெச்சிருப்பான்"னேன். லேப்டாப்புல பாக்கறேன்னு மேல போனா. நான் அதுக்கும் முன்னாடியே நெட்டுப் பெட்டியைப் புடுங்கி விட்டுட்டேன். எல்லாத்துக்கும் யோசிச்சு வெச்சிருந்தேனுங்க. நேரமாச்சு, லேப்டாப் எதுக்கு, பாஸ்போர்ட்டை மட்டும் எடுன்னு அவசரப்படுத்திக் கார்ல ஏத்திட்டேன். அதுக்கு நடுவுல தோட்டத்துப் பக்கம் போயி அண்ணனுக்கும் போன் போட்டேன். "சொல்லிட்டேன் தம்பி, அழுதுட்டிருக்கறா, பேச முடியல, பிளேன் ஏத்தி விடறோம்"னேன். அவன், "இன்னைக்கேவா? அவசரமே இல்லையே"ங்கறான். என்ன ஜென்மம்டா இதுன்னு நெனச்சுட்டேன்.

கார்ல மரகதம் அவளுக்குத் தயிர் சோறு பெசைஞ்சு ஊட்டுனா. அவ கொழந்தையாட்ட வாங்கிக்கிட்டா. வாளையாறு தாண்டுனதுக்கு அப்பறம் பேச ஆரம்பிச்சா பாருங்க. சின்னதுல ரயில் இன்ஜின்ல அவளை மடியில உக்கார வெச்சு ஒரு நாள் ஓட்டுனாராமே, அதைக் காதுல போயிச் சொன்னா அப்பாவுக்கு முழிப்பு வந்துருமாம். கண்ணு தொறக்கறாருன்னா என்னைத் தெரியும் ஆன்ட்டி, தெரியுந்தானேங்கறா. மரகதம் தலையை ஆட்டுறா. முன் சீட்டுல இருந்து திரும்பிப் பாக்கறேன், இவ கண்ணுல தண்ணி தாரை தாரையா ஓடுது. அந்தப் புள்ள இவளுக்குக் கண்ணைத் தொடச்சு விடுதுங்க. "அழாதீங்க ஆன்ட்டி, அப்பாவுக்குச் சரியாயிரும்"னு.

அங்க போயி எறங்கியிருக்கறா. அண்ணன் நின்னிருக்கறான். இவ ஓடிப் போயி, "எந்த ஆஸ்பத்திரி, நேரா அங்கயே போலாம்"னு கேட்டிருக்கறா. அவன் முழிச்சிருக்கறான். எந்த ஆஸ்பத்திரின்னு இவளைத் திருப்பிக் கேட்டிருக்கறான். அங்க கார் நிறுத்தற எடத்துல பனிக்குள்ள நின்னுட்டு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு பேசியிருக்காங்க. அப்பறந்தான் வெளங்கியிருக்குது.

அந்த ஊருல அடக்கம் எப்பன்னு நெனக்கறீங்க? மூணு வாரம் கழிச்சுங்க! அட சாமி, எவனுக்குத் தெரியும்? மூணு வாரம் ஐஸ்ல வெச்சிருந்து, எல்லாத்துக்கும் தோதான நாளாப் பாத்து அடக்கம் பண்றாங்க. அண்ணன்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது? அவசரமில்லைன்னு சொன்னான்தான். ஆனா எழவு ஊட்டுல அவசரமில்லைன்னா ஆருங்க நம்புவாங்க?

அடக்கம் முடிச்சுத் திரும்பி வந்தா. நேரா மேல போகல. இங்க வந்து, நீங்க இப்ப உக்காந்திருக்கற எடத்துல உக்காந்தா. ஆளு பாதியாயிருந்தா. காப்பி வேண்டாம்னுட்டா. "அங்கிள், அப்பா கண்ணைத் தொறந்தாருன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"ன்னு கேட்டா.

உனக்கு நல்லதுக்குத்தான் கண்ணுன்னேன். பிளேன்ல பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளைகிட்டயெல்லாம் எங்கப்பா கண்ணைத் தொறந்துட்டாருன்னு சொல்லிட்டே போனாளாம். அவ சாமியே கும்பிடாத புள்ள. அன்னைக்கு பிளேன்ல கும்பிட்டாளாமுங்க. காப்பாத்திக் குடு காப்பாத்திக் குடுன்னு. "செத்தவருக்காகக் கெஞ்ச வெச்சுட்டீங்க"ன்னா. சாமி கும்பிட்டது நல்லதுதானேங்க? அதுல என்ன தப்பு? ஆனா அவ சொன்ன விதத்துல என்னால அதைக் கேக்க முடியல.

கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தல. மரகதத்தைப் பாத்து, "கார்ல வர்றப்பவே உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"ன்னு மட்டும் கேட்டா. மரகதம் தெரியும்னு தலையை ஆட்டுனா. "எனக்கு அம்மா இல்லை. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இங்க அழுதிருப்பேன். உங்க மடியில படுத்து அழுதிருப்பேன். அப்பறம் நிதானமா ஊருக்குப் போயிருப்பேன். அதை எடுத்துட்டீங்களே"ன்னா. எந்திரிச்சு மேல போயி மூட்டையைக் கட்டிட்டா. ஓட்டல்ல ரூம் எடுத்துத் தங்கி, மிச்ச வேலையை முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டா. சைக்கிளைப் பாப்பாத்தி மகளுக்குக் குடுத்துட்டா.

என்னங்க பண்ணிட்டோம் நாங்க? அவளுக்கு ஒத்தாசைதானே பண்ணுனோம்? சொந்தக்காரன் செய்வானா, கொச்சி வரைக்கும் கொண்டு போயி ஏத்தி விட? துபாய்ல நடு ஏர்போர்ட்டுல, தெரியாத சனத்துக்குள்ள விழுந்து பொரண்டிருந்தாத் தூக்கறதுக்கு ஆளு இருந்திருக்குமா? சொல்லுங்க. சரி, குடிங்க, காப்பி ஆறுது.

மரகதம் என்கூட அப்பறம் சரியாவே பேசலீங்க. சண்டையெல்லாம் இல்ல. சோறு போடுவா, கேட்டாப் பதில் சொல்லுவா. சனிக்கெழமை மூணு மணிக்குக் காப்பி போட்டு என்ற முன்னாடி வெச்சுட்டு, அவ உள்ள போயிருவா. அந்தப் புள்ளைக்குத் தெனமும் வெடியால போன்ல ஒரு பூப் படம் அனுப்புவா. செம்பருத்தி, நந்தியாவட்டை, நம்ம வாசல்ல பூத்ததை எடுத்து அனுப்புவா. அவளுக்கு இங்கிலீஷ் வராதுங்க. ஓகே, குட், பூப் படம், அவ்வளவுதான் அவ படிப்பு. அங்கிருந்து ரெண்டு நீலக் கோடு விழும். பதில் வராது. கோடு விழுந்துருச்சா, பாத்துட்டாடின்னு அவளுக்கு அவளே சொல்லிக்குவா.

நீங்க உள்ள வந்ததுமே அந்தப் படத்தைப் பாத்துட்டீங்க. மாலை போட்டிருக்கறது. பாத்துட்டுக் கேக்காம இருந்தீங்க, பரவால்ல, நல்ல பழக்கம்.

ஆவணியிலங்க. காய்ச்சல்னு படுத்தா, டெங்குன்னாங்க. ஒரு வாரந்தான். டாக்டரு சின்னப் பையன், வராந்தாவுல நிக்க வெச்சு, "ஸாரி சார், போயிட்டாங்க"ங்கறான். அப்பிடியாங்க சொல்லுவாங்க? பக்கத்துல ஒரு சேர் கூட இல்ல.

தூவாவுக்கு நான் சொல்லல. பாப்பாத்தி சொல்லச் சொன்னா. எதுக்கு? அவளே அப்பனைப் பறிகுடுத்துட்டு அந்தக் குளிர்ல தனியா இருக்கறா. வெசனத்து மேல வெசனம் எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா பூப் படம் போறது நின்னு போச்சில்லீங்களா? அதை நான் யோசிக்கல. கொஞ்ச நாள் கழிச்சு மரகதம் போன்ல டிங்குன்னு சத்தம். அந்தப் போனைச் சும்மா சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன், எதுக்குன்னு தெரியாது. எடுத்துப் பாத்தா, அந்தப் புள்ள. "ஆன்ட்டி, இப்பெல்லாம் பூ வர்றதில்லை. என் மேல கோவமா? நான் பேசாம இருந்தது தப்பு. டிசம்பர்ல லீவு போட்டு வர்றேன். அப்பாவுக்காக நான் அழ வேண்டியது இன்னும் பாக்கி இருக்குது. உங்ககிட்ட உக்காந்து அழணும்"னு போட்டிருக்கறா. தமிழ் பேசுவாளே தவிர எழுத வராது, இங்கிலீஷ்லதான் இருந்துச்சு; நான் அர்த்தம் சரியான்னு டிக்சனரி வெச்சு ரெண்டு தடவை பாத்தேன்.

வாசலுக்குப் போனேன். செம்பருத்தி பூத்திருந்துச்சு. ஒரு படம் எடுத்து மரகதம் போன்லயே அனுப்பிட்டேன்.

கூடவே ஓகேன்னு ஒரு வார்த்தை, மரகதம் போடற மாதிரியே. அன்னையில இருந்து தெனமும் அனுப்பறேனுங்க. அவளும் தெனமும் பேசறா இப்ப. பனி விழுந்துச்சுங்கறா, பன் சுட்டேங்கறா, உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னறேங்கறா. நான் குட்டுன்னு போடறேன். வீடியோவுல வாங்கன்னு ஒரு வாரமாக் கேட்டுட்டே இருக்கறா. நெட்டு சரியில்லைன்னு எத்தனை நாளைக்குச் சொல்றது? சந்தேகம் வந்துரும். அதனாலதான் உங்களைக் கூப்புட்டேன். எங்கூட்டுக்கு நேர்ல வந்துட்டுப் போற ஆளு நீங்க, நீங்க சொன்னா நம்புவா. பொட்டலத்தைக் குடுங்க, பாப்பாத்தி அரைச்சதுதான், ஆனா ஆன்ட்டி அரைச்சதுன்னு சொல்லுங்க. "ஆன்ட்டி எப்பிடி இருக்காங்க?"ன்னு கேப்பா. மொதல்ல அதைத்தான் கேப்பா. நல்லாருக்காங்கன்னு சொல்லிருங்க. அதுதான் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை.

ஏனுங்க தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? வந்ததும் நானே சொல்லிருவேன். ஏர்போர்ட்டுக்கு நானே போறேன். வழியில சொல்ல மாட்டேன், ஊட்டுக்கு வந்து, கையைக் காலைக் கழுவி, ரெண்டு வாய் உண்டதுக்கப்பறம் பக்குவமாச் சொல்லுவேன். எனக்குத் தெரியாதா?

தெரியுதுங்க, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. அன்னைக்கு மாதிரியே இப்பவும் பிளேன்ல நெனச்சுட்டே வருவா. ஆன்ட்டிகிட்ட இதைச் சொல்லணும், அதைச் சொல்லணும்னு. கம்பளிச் சட்டையை மடியில வெச்சுட்டு வருவா. எனக்கு அது தெரியாம இல்ல. படுத்தா அதுதான் வருது.

ஆனா இப்பவே சொல்லிட்டா அவ அங்கயே அழுது முடிச்சிருவாளேங்க. அங்க அண்ணன் இருக்கறான். அப்பறம் இங்க எதுக்கு வரணும்? எனக்காகவா வருவா? கண்ணு தொறந்தாருன்னு பொய் சொன்னவன் நான், என்னைப் பாக்க எவ வருவா? ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் காரியம் முடிஞ்சு சோறு உண்டுட்டுப் போயிட்டாங்க. ஆவணியில இருந்து இத்தனை நாளாச்சு, எனக்கு இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்க கண்ணுல. மரகதத்துக்கு நான் இன்னும் அழுகவே இல்ல. நல்லாருக்காங்கன்னு மட்டும் சொல்லிருங்க. அவ வரட்டும். வந்து இங்க உக்காந்து அழட்டும், என்னை வையட்டும், அடிச்சாலும் அடிக்கட்டும். தனியா இருந்தா எனக்கு அழ வரமாட்டேங்குதுங்க தம்பி.